வீட்டில் நாஸ் கருவியை முதன்முறையாக அமைப்பது எப்படி: டிஸ்க் தேர்விலிருந்து பேக்கப் வரை

வீட்டிலுள்ள கணினிகள், கைபேசிகள், தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் ஒரே இடத்திலிருந்து கோப்புகளை எடுக்கவும், அங்கேயே சேமிக்கவும் உதவுகிற கருவி நெட்வொர்க் சேமிப்புக் கருவி. சுருக்கமாக நாஸ் என்பார்கள். திரையோ விசைப்பலகையோ இல்லாத ஒரு சிறிய கணினி என்று அதைப் புரிந்துகொண்டால் போதும். உள்ளே ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். ஈதர்நெட் கேபிள் வழியாக ரவுட்டரோடு இணைந்திருக்கும். அதன் அமைப்புகள் அனைத்தையும் வேறொரு கணினியின் பிரவுசரில் திறந்து மாற்றுவோம்.

இதை இயங்க வைப்பது கடினமான வேலை அல்ல; பெரும்பாலான கருவிகளில் ஒரு மணி நேரத்துக்குள் முதல் கோப்பைச் சேமித்துவிடலாம். ஆனால் அந்த வேகமே பலருக்குத் தொல்லையாக முடிகிறது. முகவரி மாறாமல் இருக்க ஏற்பாடு செய்யாமல், எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்து, பேக்கப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, பல ஆண்டுகளின் படங்களை அதில் கொட்டிவிடுகிறார்கள். டிஸ்க் அமைப்பு, முகவரி, கணக்குகள் ஆகிய மூன்றையும் தரவு உள்ளே போவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. தரவு ஏறிய பிறகு இவற்றை மாற்றுவது சில நேரங்களில் சிரமம். டிஸ்க் அமைப்பைப் பொறுத்தவரை, அனைத்தையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டிய நிலைகூட வரலாம்.

டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முறையாக வாங்குபவருக்கு இரண்டு டிஸ்க்குகளை ஏற்கும் கருவியே பொருத்தமானது என்பது என் கருத்து. ஒரே டிஸ்க் உள்ள கருவியில் அது பழுதானால் எல்லாம் நின்றுவிடும். நான்கு டிஸ்க் கருவியின் கூடுதல் செலவும் சத்தமும் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படாது.

டிஸ்க்கை வாங்கும்போது அளவை மட்டும் பார்க்காமல், அது எந்த முறையில் தரவைப் பதிகிறது என்பதையும் பாருங்கள். சிஎம்ஆர் முறையில் தரவுத் தடங்கள் தனித்தனியாக எழுதப்படுகின்றன. எஸ்எம்ஆர் முறையில் அவை ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதப்படுகின்றன. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் ஓர் இடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து மீண்டும் எழுத வேண்டியிருப்பதால், தொடர்ந்து பெரிய அளவில் எழுதும் வேலைகளில், குறிப்பாகப் பழுதான டிஸ்க்குக்குப் பதிலாக வைத்த புதிய டிஸ்க்கில் தரவை மறுபடியும் நிரப்பும்போது, அது மிகவும் மெதுவாகிவிடும். ஆகவே தயாரிப்பாளரின் விவரத்தாளில் சிஎம்ஆர் என்று குறிப்பிட்டிருக்கும் டிஸ்க்கையே வாங்குங்கள்.

4 டெராபைட் டிஸ்க்கைப் பொருத்திய பிறகு கருவி சுமார் 3.6 டெராபைட் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். டிஸ்க் தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளாகவும், பல மென்பொருள்கள் 1024-இன் மடங்குகளாகவும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடுதான் அது.

டிஸ்க்குகளைப் பொருத்துமுன் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் ஒரு சிறிய தாளில் எழுதி, கருவியின் எந்த டிஸ்க் அறையில் எது இருக்கிறது என்று அதன் வெளிப்புறத்தில் ஒட்டிவிடுங்கள். இன்றைக்கு இது தேவையற்றதாகத் தோன்றும். ஒரு டிஸ்க் பழுதாகும் நாளில் இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

இடமும் கேபிளும்

கருவியை ரவுட்டருக்கு அருகில், காற்றோட்டம் உள்ள, அதிர்வில்லாத இடத்தில் வையுங்கள். மூடிய அலமாரிக்குள் வைத்தால் வெப்பம் வெளியேறாது. டிஸ்க்கின் வெப்பநிலை 40 பாகை செல்சியஸை ஒட்டி இருப்பது இயல்பானது. தொடர்ந்து 50-ஐத் தாண்டி நின்றால் இடத்தை மாற்ற வேண்டும்.

மின்சாரம் திடீரென்று நின்றுபோகும் இடங்களில் ஒரு யுபிஎஸ் அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு மட்டுமன்றி, கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணையே சிதையக்கூடும். யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி கேபிள் ஒன்றைக் கருவியில் செருகிவிட்டால், பேட்டரி குறையும்போது கருவி தானாகவே முறைப்படி அணைந்துகொள்ளும். இந்த வசதி இரண்டிலும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாஸ் கருவியை ரவுட்டருடன் கேபிளில் இணைப்பதே சரி. வைஃபை உள்ள கணினிகளும் கைபேசிகளும் ரவுட்டர் வழியாக அதை எட்டிக்கொள்ளும். கேட் 5இ அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கேபிள் போதும். அதில் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு, 100 மீட்டர் தூரம் வரை கிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்தைத் தாங்கும். கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் தேவை. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டே போதும். அதனால் ஒரு கம்பி சரியாகப் பிடிக்காத கேபிள்கூட வேலை செய்வதுபோலத்தான் தெரியும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். கருவியை இயக்கிய பிறகு அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்று காட்டினால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அப்படியும் மாறாவிட்டால் ரவுட்டரின் துளை அந்த வேகத்தைத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

முதல் இயக்கமும் டிஸ்க் அமைப்பும்

மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் கருவி தயாராகும். கையேட்டில் கொடுத்திருக்கும் முகவரியைப் பிரவுசரில் திறந்தோ, தயாரிப்பாளரின் தேடும் செயலியை ஓட்டியோ அதைக் கண்டுபிடிக்கலாம். கிடைக்கவில்லையென்றால், உங்கள் கணினி விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபை என்பது அதில் இணைந்தவர்கள் வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைப்பதற்காகவே உள்ளது. அங்கிருந்து தேடினால் கருவி கண்ணில் படாது.

உள்ளே நுழைந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன் மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள். கருவி தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு உங்கள் கைக்கு வருவதற்குள் பல மாதங்கள் கடந்திருக்கலாம். அந்த இடைவெளியில் பாதுகாப்புக் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டிருக்கும். அப்படியே நேரத்தையும் நேர மண்டலத்தையும் சரிபாருங்கள். நேரம் தவறாக இருந்தால், பின்னர் அமைக்கப்போகும் இரு-படி உள்நுழைவின் எண்கள் பொருந்தாது.

அடுத்து வருவது ரெய்டு அமைப்பு, அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாகப் பயன்படுத்தும் முறை. ரெய்டு 1 என்பது இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே தரவை எழுதுவது. இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகளில் உங்களுக்குக் கிடைப்பது 4 டெராபைட்தான், ஆனால் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. ரெய்டு 0 என்பது தரவை இரண்டாகப் பிரித்து எழுதுவது. இடம் 8 டெராபைட் கிடைக்கும், ஏதேனும் ஒரு டிஸ்க் போனாலும் முழுவதும் போய்விடும். இடம் வீணாகிறதே என்று எண்ணி ரெய்டு 0-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் வைக்கும் கருவிக்கு ரெய்டு 1 தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையான கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஸ்னாப்ஷாட் வசதி கொண்ட பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் இருந்தால் அதையே எடுங்கள். ஏனென்பது பேக்கப் பகுதியில் வரும். அமைத்து முடித்ததும் இரண்டு டிஸ்க்குகளுக்கும் ஸ்மார்ட் நீண்ட சோதனையை, அதாவது டிஸ்க் தன்னைத்தானே முழுவதும் சோதித்துக்கொள்ளும் வசதியை, தொடங்கிவிட்டுக் காத்திருங்கள். பெரிய டிஸ்க்குகளில் அதற்குப் பல மணி நேரம் ஆகும். புதிதாக வாங்கிய டிஸ்க்கிலும் குறை இருக்கலாம். அது உள்ளே ஒன்றும் இல்லாத இப்போதே தெரிந்துவிட்டால் கடையில் மாற்றிக்கொள்வதோடு முடிந்துவிடும்.

மாறாத முகவரி

வீட்டு ரவுட்டர், தன்னுடன் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரியைக் கொடுக்கிறது. இதைச் செய்யும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். அந்த முகவரிகள் பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். வீடு, அலுவலகம் போன்ற உள் நெட்வொர்க்குகளுக்காக ஒதுக்கிவைக்கப்பட்ட முகவரி வரிசைகள் இவை, இப்போதுள்ள வடிவில் 1996-இல் வரையறுக்கப்பட்டவை. ஆனால் டிஎச்சிபி முகவரியை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே கொடுக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்ட பிறகு, நேற்று நாஸ் கருவியிடம் இருந்த முகவரி இன்று ஒரு கைபேசியிடம் இருக்கலாம். கணினியில் நீங்கள் அமைத்து வைத்த இணைப்புகள் அப்போது ஒரே சமயத்தில் அறுந்துபோகும்; கருவி பழுதாகிவிட்டது என்று பலர் எண்ணுவது இந்த நேரத்தில்தான்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நாஸ் கருவியின் அமைப்பிலேயே முகவரியைக் கையால் எழுதிவிடுவது. மற்றொன்று, இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த முகவரியையே கொடு என்று ரவுட்டரிடம் பதிவு செய்வது. இரண்டாவது வழியே தொடங்குபவருக்கு ஏற்றது. முகவரிகள் எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகியிருக்கும். ஒரே முகவரியை இரு கருவிகளுக்குக் கொடுத்துவிடும் தவறும் நேராது.

செய்யும் முறை இது. விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால், டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் ரவுட்டரின் முகவரி தெரியும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். அதைப் பிரவுசரில் திறந்து உள்ளே சென்று, டிஎச்சிபி அல்லது லேன் என்ற பகுதியில் முகவரி ஒதுக்கீடு என்ற பொருள்படும் பக்கத்தைத் தேடுங்கள். அங்கே இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் நாஸ் இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று 12 குறிகள் கொண்ட அடையாளம் உண்டு. அது கருவியின் அடிப்பகுதியில் அல்லது பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்து, 192.168.1.20 போன்ற நினைவில் நிற்கும் ஒரு முகவரியை ஒதுக்கிச் சேமியுங்கள். முதல் மூன்று எண்கள் உங்கள் ரவுட்டரின் முகவரியில் உள்ளபடியே இருக்க வேண்டும். பிறகு நாஸ் கருவியை ஒருமுறை அணைத்து இயக்கினால் புதிய முகவரியைப் பெற்றுக்கொள்ளும்.

கணக்குகள்

நிர்வாகி கணக்கை அமைப்புகளை மாற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அன்றாடப் பயன்பாட்டுக்கு உங்களுக்கே ஒரு சாதாரணக் கணக்கு வேண்டும். ஒரு கணினியில் தீங்கான மென்பொருள் நுழைந்துவிட்டால், அந்தக் கணினி எந்தக் கணக்கில் நாஸ் கருவியோடு இணைந்திருக்கிறதோ அந்தக் கணக்குக்கு உரிமை உள்ள கோப்புகளையெல்லாம் அது தொட முடியும். நிர்வாகி கணக்கோடு இணைந்திருந்தால் அதற்கு எட்டாத இடமே இருக்காது.

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான கடவுச்சொல்லும் கொடுங்கள். கருவியோடு வந்த அட்மின் என்ற பெயருடைய கணக்கை, புதிய நிர்வாகி கணக்கு ஒன்றை உருவாக்கிய பிறகு முடக்கிவிடுங்கள். கடவுச்சொற்களை ஊகித்துத் தாக்குபவர்கள் முதலில் முயல்வது அந்தப் பெயரைத்தான். நிர்வாகி கணக்குக்கு இரு-படி உள்நுழைவை இயக்குங்கள். அப்போது கைபேசிச் செயலியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. இயக்கும்போது தரப்படும் மீட்புக் குறிகளைத் தாளில் எழுதி வையுங்கள். அவற்றை நாஸ் கருவிக்குள்ளேயே சேமித்து வைத்தால் பயனில்லை.

பகிர்வு ஃபோல்டர்களும் கணினி இணைப்பும்

ஒரே பெரிய ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிடுவதைவிட, படங்கள், குடும்ப ஆவணங்கள், பொது என்று மூன்று நான்கு பகிர்வுகளை உருவாக்கி, யாருக்கு எதில் எழுதும் உரிமை, யாருக்கு எதில் படிக்கும் உரிமை என்று பிரித்துக்கொடுங்கள். பழைய படங்களைப் பார்க்க வேண்டும், அழிக்கத் தேவையில்லை என்பவர்களுக்குப் படிக்கும் உரிமை போதும். தொலைக்காட்சிக்கும் ஒரு கணக்கு உருவாக்கி, படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றும் எஸ்எம்பி என்ற நெறிமுறையில் பகிர்வுகளைத் திறக்கும். அதன் முதல் பதிப்பை நாஸ் அமைப்பில் கட்டாயம் முடக்குங்கள். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னக்ரை, விண்டோஸ் கணினிகளில் அந்த முதல் பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த குறையின் வழியாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியது. இத்தனைக்கும் அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மிகப் பழைய ஸ்கேனர் அல்லது மீடியா பிளேயர் ஒன்றுக்காக முதல் பதிப்பைத் திறந்து வைக்கலாமா என்று கேட்டால், அந்தக் கருவியை விட்டுவிடுங்கள் என்பதே என் பதில்.

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று எழுதி, உங்கள் சாதாரணக் கணக்கால் நுழையுங்கள். தேவையான பகிர்வின் மேல் வலப்பக்கச் சொடுக்கில் வரும் மேப் நெட்வொர்க் டிரைவ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது ஒரு தனி டிரைவாகத் தெரியத் தொடங்கும். மேக்கில் ஃபைண்டரின் கோ மெனுவிலுள்ள கனெக்ட் டு சர்வர் வழியாகச் செல்லலாம். கைபேசிகளுக்குத் தயாரிப்பாளரின் செயலியே எளிது.

தரவை ஏற்றும் முதல் முறை மட்டும், முடிந்தால் கணினியையும் கேபிளில் இணையுங்கள். கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் கிடைக்கும். 1 டெராபைட்டை நகலெடுக்க இரண்டரை மணி நேரம் பிடிக்கும். 100 மெகாபிட் இணைப்பில் அதே வேலைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். பெரிய கோப்புகளைவிடப் பல்லாயிரம் சிறிய கோப்புகள் மெதுவாகவே போகும். நகலெடுத்து முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். பழைய டிஸ்க்கிலுள்ள மூலத்தை மட்டும் இன்னும் அழிக்காதீர்கள்.

ரெய்டு பேக்கப் ஆகாது

ரெய்டு 1 காப்பாற்றுவது டிஸ்க் பழுதிலிருந்து மட்டுமே. நீங்கள் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் அந்தக் கணமே இரண்டு டிஸ்க்குகளிலும் அழிகிறது. கோப்புகளைப் பூட்டும் மென்பொருள் தாக்கினால் இரண்டிலும் பூட்டப்பட்ட கோப்பே இருக்கும். திருட்டு, தீ, மின்னல் ஆகியவற்றில் இரண்டும் சேர்ந்தே போகும். நாஸ் வாங்கியவர்கள் தங்கள் தரவு இனிப் பாதுகாப்பானது என்று நம்பிவிடுவதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற 3-2-1 விதியை இங்கே இப்படி நிறைவேற்றலாம். நாஸ் கருவியில் இருப்பது முதல் பிரதி. அதன் யுஎஸ்பி துளையில் வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, வாரம் ஒருமுறை தானாக பேக்கப் எடுக்கும்படி அமைத்தால் அது இரண்டாவது பிரதி; வேலை முடிந்ததும் அதைப் பிடுங்கி வைத்துவிடுங்கள், ஏனெனில் செருகியே இருக்கும் டிஸ்க்கைத் தாக்குதல் விட்டுவைக்காது. மூன்றாவதற்கு, மறையாக்கம் செய்து, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, கிளவுடில் சேமிக்கலாம், அல்லது இன்னொரு வெளி டிஸ்க்கை நம்பிக்கைக்குரிய உறவினர் வீட்டில் வைத்து அவ்வப்போது மாற்றலாம். மறையாக்கத்துக்கான கடவுச்சொல் தொலைந்தால் அந்தப் பிரதியை யாராலும் திறக்க முடியாது என்பதால் அதையும் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்னாப்ஷாட் என்பது குறிப்பிட்ட நேரத்தில் ஃபோல்டர் எப்படி இருந்தது என்பதைப் பதிந்துவைப்பது. மாறிய பகுதிகளை மட்டுமே தனியாக வைப்பதால் அதிக இடம் எடுக்காது. நாளுக்கு ஒருமுறை எடுத்து ஒரு மாதம் வைத்திருக்கும்படி அமைத்தால், தவறுதலாக அழித்த கோப்பைச் சில நிமிடங்களில் மீட்டுவிடலாம். அதே டிஸ்க்குகளில் இருப்பதால் அதுவும் பேக்கப்புக்கு மாற்றல்ல.

பேக்கப் எடுத்த பின் ஒரு வேலை மீதி உண்டு. ஓர் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, பேக்கப்பிலிருந்து கணினியின் வேறோர் இடத்துக்கு மீட்டெடுத்து, படங்களும் ஆவணங்களும் திறக்கின்றனவா என்று பாருங்கள். இது வெற்றிகரமாக முடிந்த பிறகே பழைய டிஸ்க்கிலுள்ள மூலத்தை அழிக்கலாம்.

வெளியிலிருந்து அணுகுதல்

பயணத்தில் இருக்கும்போது வீட்டுக் கோப்புகளைத் திறக்க ஆசை வரும். அதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை உள்ளே அனுப்பும் வழியைத் திறந்து, நாஸ் கருவியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். இணையத்தில் திறந்திருக்கும் முகவரிகளைத் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. 2021 ஜூன் மாதத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புக் கருவியை வைத்திருந்த பலர், தங்கள் கோப்புகள் முழுவதும் அழிக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடியதாக இருந்த கருவிகளில், தொலைவிலிருந்தே அனைத்தையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்லும் கட்டளை இயக்கப்பட்டிருந்தது. அந்தக் கருவிக்கான கடைசி மென்பொருள் மேம்படுத்தல் 2015-இல் வெளியானது.

ரவுட்டரிலும் நாஸிலும் யுபிஎன்பி என்ற வசதி இருந்தால் முடக்குங்கள். உங்களைக் கேட்காமலே கருவிகள் ரவுட்டரில் வழியைத் திறந்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. வெளியிலிருந்து அணுகல் உண்மையிலேயே வேண்டுமென்றால், இணையத்தின் ஊடாக வீட்டுக்கு மறையாக்கப்பட்ட தனி வழி ஒன்றை உண்டாக்கும் விபிஎன் அமைப்பதே பாதுகாப்பானது. இப்போதுள்ள பல ரவுட்டர்களில் வயர்கார்டு என்ற விபிஎன் வகை உள்ளது. கைபேசி அதன் வழியாக முதலில் வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையும், பிறகு வீட்டில் இருப்பதுபோலவே 192.168.1.20 திறக்கும். உங்கள் ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றில் தொடங்கினால், இணையச் சேவையாளர் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள். நேரடி விபிஎன் வேலை செய்யாது. பொது முகவரி கிடைக்குமா என்று அவர்களிடம் கேளுங்கள், அல்லது தயாரிப்பாளரின் இடைநிலைச் சேவையை இரு-படி உள்நுழைவோடு மட்டும் பயன்படுத்துங்கள்.

எச்சரிக்கைகளும் டிஸ்க் மாற்றமும்

கடைசியாக, மின்னஞ்சல் எச்சரிக்கையை அமைத்து ஒரு சோதனை அஞ்சலை அனுப்பிப் பாருங்கள். ரெய்டு 1-இல் ஒரு டிஸ்க் இறந்தாலும் கோப்புகள் வழக்கம்போலத் திறக்கும் என்பதால், கருவி சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஸ்மார்ட் நீண்ட சோதனை மாதம் ஒருமுறை தானாக ஓடும்படியும், பாதுகாப்பு மேம்படுத்தல்கள் தானாக நிறுவப்படும்படியும் அமைத்துவிடுங்கள்.

டிஸ்க் பழுது என்ற அஞ்சல் வந்தால் அவசரப்பட வேண்டாம். முதலில் வெளி டிஸ்க்கைச் செருகி ஒரு புதிய பேக்கப் எடுங்கள். எந்த வரிசை எண்ணுள்ள டிஸ்க் பழுது என்று அமைப்புப் பக்கத்தில் பார்த்து, கருவியின் மேல் ஒட்டிய தாளோடு ஒப்பிட்டு, அதை மட்டும் கழற்றுங்கள். தவறான டிஸ்க்கைக் கழற்றினால் எஞ்சியிருந்த நல்ல பிரதியும் கையைவிட்டுப் போகக்கூடும். பழையதன் அளவுக்குக் குறையாத புதிய டிஸ்க்கைப் பொருத்தி, மறுநிரப்பலைத் தொடங்கிவிட்டு, அது முடியும்வரை கருவியை அணைக்காமலும் பெரிய நகலெடுப்புகளைச் செய்யாமலும் இருங்கள். நிலை மீண்டும் இயல்பு என்று காட்டிய பின் புதிய டிஸ்க்குக்கு நீண்ட சோதனையை ஓட்டி, தாளில் அதன் வரிசை எண்ணையும் பொருத்திய தேதியையும் மாற்றி எழுதுங்கள்.